ஏழு சொற்களும் ஒரு நீண்ட மௌனமும்

2019ஆம் ஆண்டு அக்டோபர் 4. ஹாங்காங்கின் நிர்வாகத் தலைவர் கேரி லாம், பிரிட்டிஷ் காலத்து நெருக்கடிச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் முகமூடி அணிவதைத் தடை செய்வதாக அறிவித்தார். அதற்கு மூன்று நாட்கள் முன்புதான், சீன மக்கள் குடியரசின் எழுபதாவது ஆண்டு விழா நாளில், பதினெட்டு வயது மாணவர் ஒருவர் மார்பில் காவல்துறையின் குண்டு பாய்ந்து வீழ்ந்து உயிர் பிழைத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் சட்ட வரைவை எதிர்த்து ஜூன் மாதம் தொடங்கிய போராட்டம், அந்த வரைவு திரும்பப் பெறப்பட்ட பின்னும் ஓயவில்லை.

அதே நாளில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் டாரில் மோரி ட்விட்டரில் ஒரு படத்தை இட்டார். அதில் ஏழு ஆங்கிலச் சொற்கள். சுதந்திரத்துக்காகப் போராடு, ஹாங்காங்குடன் நில் என்பது அவற்றின் பொருள். சிறிது நேரத்திலேயே அதை நீக்கியும்விட்டார். ட்விட்டர் சீனாவில் தடை செய்யப்பட்ட தளம். ஆகவே அந்தச் செய்தியைச் சீனாவின் பெரும்பான்மையான மக்கள் சட்டப்படி பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் ஒரு வாரத்துக்குள், முப்பது ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டப்பட்ட ஒரு வணிகம் ஆட்டம் கண்டது.

இந்தக் கதையின் முதல் பகுதி பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தவை, அல்லது நடக்காமல் போனவை. ஒரு நிறுவனத்தில் கருத்துரிமை இருக்கிறதா என்று பார்க்க, முதலில் பேசியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது வழக்கம். அவருக்குப் பின் இரண்டாவதாகப் பேச யார் முன்வந்தார்கள் என்பது அதைவிட நல்ல கேள்வி என்பது என் எண்ணம்.

*

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ராக்கெட்ஸ் அணி அப்போது ஜப்பானில், டொராண்டோ ராப்டர்ஸ் அணியுடன் காட்சி ஆட்டங்கள் ஆடச் சென்றிருந்தது. அணியின் உரிமையாளர் டில்மன் ஃபெர்டிட்டா, மோரி ராக்கெட்ஸ் சார்பாகப் பேசவில்லை, நாங்கள் அரசியல் அமைப்பு அல்ல என்று உடனே அறிவித்தார். யாவ் மிங் தலைமையில் இருந்த சீனக் கூடைப்பந்துச் சங்கம் ராக்கெட்ஸுடன் எல்லா உறவையும் நிறுத்தியது. இதே யாவ் மிங்தான் 2002இல் ஹூஸ்டனுக்கு ஆட வந்து, அந்த அணியைச் சீனாவின் செல்ல அணியாக்கியவர். இணையத்தில் ஆட்டங்களை ஒளிபரப்பும் டென்சென்ட் நிறுவனம் ராக்கெட்ஸ் ஆட்டங்களை நிறுத்தியது. அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி, சீனாவில் நடக்கவிருந்த காட்சி ஆட்டங்களைக் காட்டப் போவதில்லை என்றது. நாட்டின் இறையாண்மைக்கும் சமூக உறுதிக்கும் சவால் விடும் பேச்சு கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்காது என்று ஒரு விளக்கத்தையும் அது சேர்த்துக்கொண்டது.

தேசியக் கூடைப்பந்து லீக், அதாவது என்.பி.ஏ., அக்டோபர் 6இல் ஓர் அறிக்கை விட்டது. மோரியின் கருத்து சீன நண்பர்களைப் புண்படுத்தியிருப்பது வருந்தத்தக்கது என்றது ஆங்கில வடிவம். சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் வந்த வடிவமோ, முறையற்ற பேச்சினால் மிகுந்த ஏமாற்றம் அடைந்திருக்கிறோம் என்ற தொனியில் இருந்தது. இரு மொழி தெரிந்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டார்கள். ஒரு மொழியில் ஒன்றும் இன்னொரு மொழியில் வேறொன்றும் சொல்லித் தப்பித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. மொழிபெயர்ப்பில் நழுவுவது என்னவென்று அறிந்த நம் போன்ற வாசகர்களுக்கு, அந்த இரண்டு வடிவங்களுக்கு இடையே இருந்த இடைவெளிதான் மொத்த விவகாரத்தின் சாரம் என்று தோன்றும்.

அமெரிக்காவில் வலதும் இடதும் சேர்ந்து கொதித்தன. டெட் குரூஸும் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அப்படி ஒரு காட்சியை அந்நாட்டு அரசியலில் அடிக்கடி காண முடியாது. இரண்டு நாட்கள் கழித்து டோக்கியோவில் லீகின் ஆணையர் ஆடம் சில்வர் சற்றுத் தெளிவாகப் பேசினார். வீரர்களோ ஊழியர்களோ உரிமையாளர்களோ என்ன பேசலாம் என்று லீக் கட்டுப்படுத்தாது, அதனால் வரும் விளைவுகளை ஏற்றுக்கொள்வோம் என்றார். மோரியை வேலையை விட்டு நீக்கச் சீனத் தரப்பு கேட்டதாகவும், அதற்கு வாய்ப்பே இல்லை என்று தாம் சொல்லிவிட்டதாகவும் பின்னர் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்படி யாரும் கேட்கவில்லை என்று சீன வெளியுறவு அமைச்சகம் மறுத்தது.

*

ஏழு சொற்களுக்கு ஏன் இவ்வளவு விலை என்பதைப் புரிந்துகொள்ளப் பணம் ஓடும் வழியைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கூடைப்பந்து சீனாவுக்குப் போனது நேற்றல்ல. 1979இலேயே வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அங்கே சென்று ஆடியது. எண்பதுகளின் பிற்பகுதியில் அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன், ஆட்டப் பதிவுகளைச் சிசிடிவிக்கு ஏறக்குறைய இலவசமாகவே கொடுத்தார். முதலில் பழக்கம், பிறகு வியாபாரம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. 2004இல் ராக்கெட்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் ஆடின. 2008இல் என்.பி.ஏ. சைனா என்ற தனி நிறுவனம் உருவாகி, அதன் 11 சதவீதப் பங்குகளை டிஸ்னியின் ஈ.எஸ்.பி.என்., பேங்க் ஆஃப் சைனா உள்ளிட்ட ஐந்து முதலீட்டாளர்கள் 25.3 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2019 ஜூலையில் டென்சென்ட் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமையை 150 கோடி டாலருக்குப் புதுப்பித்ததாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் டென்சென்ட் தளங்களில் லீகின் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் 49 கோடிப் பேர் என்று லீகே சொன்னது. அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையை விட இது அதிகம்.

இந்தப் பணம் உரிமையாளர்களுடைய பைக்கு மட்டும் போவதல்ல என்பது பலருக்குத் தெரியாது. கூடைப்பந்து சார்ந்த வருவாயில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குச் சேர வேண்டும் என்பது வீரர் சங்கத்துடன் லீக் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒவ்வோர் அணியும் சம்பளமாகச் செலவிடக்கூடிய வரம்பு அந்த வருவாயை வைத்தே கணக்கிடப்படுகிறது. சீனாவில் ஒளிபரப்பு நின்றால், பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருக்கும் இளைஞனின் அடுத்த ஒப்பந்தம்கூடக் கொஞ்சம் சுருங்கும். நட்சத்திரங்களுக்கு இதற்கு மேல் காலணி ஒப்பந்தங்கள் உண்டு. நைக்கியின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று சீனா. ட்வெய்ன் வேட் சீனாவின் லி-நிங் நிறுவனத்துடனும், க்ளே தாம்சன் ஆன்டாவுடனும் ஒப்பந்தம் செய்தவர்கள். பேசினால் தனக்கு மட்டும் நட்டம் என்றால் துணிபவன்கூட, பக்கத்தில் இருப்பவனுக்கும் நட்டம் என்றால் தயங்குவான். இந்த அமைப்பின் வலிமை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மற்ற நாடுகளில் ரசிகர்கள் கோபப்பட்டால் டிக்கெட் விற்பனை குறையும், விளம்பரதாரர் ஒருவர் விலகுவார், இன்னொருவர் வருவார். சீனாவில் குழாய் ஒன்று, அதைத் திருகும் கையும் ஒன்று. தொலைக்காட்சி அரசினுடையது. இணைய நிறுவனங்கள் தனியாருடையவை என்றாலும் அரசின் முகக் குறிப்பறிந்து நடப்பவை. வாடிக்கையாளர் 49 கோடிப் பேராக இருக்கலாம், வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ஒருவரே. அப்படிப்பட்ட சந்தையில் விற்கப் போகிறவர் வணிகர் என்ற நிலையிலிருந்து, தாம் அறியாமலே, அந்த ஒருவரின் தயவை நாடுபவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

*

இதே லீக் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமூக நீதிக்காகக் குரல் கொடுக்கும் விளையாட்டு என்பது அதன் பெருமை. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2014இல் கிளிப்பர்ஸ் அணியின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் கறுப்பின மக்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்ததும், பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத சில்வர் அவருக்கு ஆயுள் தடை விதித்தார். 2016இல் வட கரோலினா மாநிலம் திருநர்களின் கழிப்பறைப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியபோது, 2017க்கான நட்சத்திர ஆட்டம் சார்லட் நகரிலிருந்து நியூ ஆர்லியன்சுக்கு மாற்றப்பட்டது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின், ஃப்ளோரிடாவில் தனிமைப்படுத்தப்பட்ட வளாகத்தில் நடந்த ஆட்டங்களில், கறுப்பு உயிர்கள் முக்கியம் என்ற முழக்கம் ஆடுகளத்திலேயே எழுதப்பட்டது. ஜேக்கப் பிளேக் சுடப்பட்டபோது மில்வாக்கி பக்ஸ் வீரர்கள் ஆட வர மறுத்து, லீகையே மூன்று நாட்கள் நிறுத்தினார்கள்.

இவை வெறும் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் லீகின் ரசிகர்களில் பெரும்பகுதியும், வீரர்களில் மிகப் பெரும்பகுதியும், விளம்பரதாரர்களும் ஏறக்குறைய ஒரே பக்கம் நின்றார்கள். பேசுவதால் வரும் நட்டத்தை விடப் பேசாமல் இருப்பதால் வரும் நட்டம் பெரிதாக இருந்தது. அப்படி இல்லாத காலத்தில் இதே லீக் எப்படி நடந்துகொண்டது? 1996 மார்ச்சில் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல்-ரவூஃப், அமெரிக்க தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தார். லீக் அவரை இடைநீக்கம் செய்தது. எழுந்து நின்று தலை குனிந்து பிரார்த்தனை செய்துகொள்ளலாம் என்ற சமரசத்துக்குப் பிறகே அவர் திரும்பினார். அவர் ஆட்ட வாழ்க்கை அதன் பின் பழைய உயரத்தை எட்டவில்லை. ஆக, லீகின் துணிவு என்பது காலத்தோடும் கணக்கோடும் சேர்ந்து வளர்ந்த ஒன்று.

2020இல் வீரர்கள் தங்கள் ஜெர்ஸியின் முதுகில் பெயருக்குப் பதிலாக எழுதிக்கொள்ள 29 வாசகங்கள் அனுமதிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் சுதந்திரம் என்ற சொல்லும் இருந்தது. யாருடைய சுதந்திரம், எந்த ஊரில் என்று சேர்த்து எழுத இடமில்லை. அதே கோடையில், லீகின் இணையக் கடையில் ரசிகர்கள் தாங்கள் விரும்பும் சொற்களை ஜெர்ஸியில் பொறித்து வாங்கும் வசதியில், ஹாங்காங் விடுதலை என்று பொருள்படும் சொற்களை இயந்திரம் ஏற்க மறுத்தது. செய்தி பரவியதும், தவறுதலாக நேர்ந்தது என்று சொல்லித் திருத்தினார்கள். தவறுதலாகவே இருக்கட்டும். தவறுகள்கூட எந்தப் பக்கம் சாய்ந்து நேர்கின்றன என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

*

எதிர்த்தரப்பு நியாயத்தையும் கேட்காமல் போகக்கூடாது. ப்ரூக்ளின் நெட்ஸ் அணியின் உரிமையாளரும் அலிபாபாவை நிறுவியவர்களில் ஒருவருமான ஜோ சாய் அப்போது ஒரு திறந்த மடல் எழுதினார். தைவானில் பிறந்த கனடியர் அவர். அபினிப் போர்களிலிருந்து தொடங்கி, அந்நிய சக்திகள் சீனாவைத் துண்டாடிய நூற்றாண்டின் நினைவு சீனர்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று விளக்கியிருந்தார். ஹாங்காங் போராட்டக்காரர்களைப் பிரிவினைவாதிகள் என்று ஒரே வீச்சில் முத்திரை குத்தியது அந்த மடலின் பெரிய பிழை. அவர்களுடைய ஐந்து கோரிக்கைகளில் தனிநாடு இல்லை. ஆனால் சீன ரசிகரின் கோபம் முழுக்க அரசு தயாரித்துக் கொடுத்தது என்று நினைப்பதும் பிழைதான். அவமானத்தின் நினைவு உண்மையானது. அரசு அதைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதும் உண்மை.

அமெரிக்க அரசியல்வாதிகளின் கொள்கைப் பற்றையும் சற்று உரசிப் பார்க்கலாம். 2016இல் காலின் கேப்பர்னிக் கீதத்தின்போது மண்டியிட்டதற்காக அவரைத் திட்டித் தீர்த்தவர்களில் பலர், 2019இல் மோரியின் கருத்துரிமைக்குக் காவலர்களாகக் கிளம்பினார்கள். வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று 2018இல் லெப்ரான் ஜேம்ஸைப் பார்த்துத் தொலைக்காட்சியில் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே, அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அதே தரப்பு கேட்டது. தமக்குப் பிடித்த பேச்சுக்கு மட்டும் சுதந்திரம் கோருவது பெய்ஜிங்கின் தனிச்சொத்து அல்ல.

*

இப்போது இரண்டாவதாகப் பேசியவர்களின் கதைக்கு வருவோம்.

மோரி நீக்கப்படவில்லை. இது சில்வருக்குரிய பெருமை, அதை மறுக்கக்கூடாது. பல பன்னாட்டு நிறுவனங்கள் இதைவிடச் சிறிய நெருக்கடியில் ஊழியர்களைப் பலி கொடுத்து மன்னிப்பும் கேட்டிருக்கின்றன. ஆனால் அந்த வாரத்தில் மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? ராக்கெட்ஸின் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டன் டோக்கியோவில் மன்னிப்புக் கேட்டு, சீனாவை நேசிக்கிறோம் என்றார். பிலடெல்பியாவில் சீன அணி ஒன்றுடன் நடந்த ஆட்டத்தில், ஹாங்காங்குக்கு ஆதரவான பதாகையுடன் வந்த ரசிகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இனி இத்தகைய விஷயங்களில் பேசுவதற்கு முன் யோசிப்பீர்களா என்று ஹார்டனிடம் ஒரு பெண் செய்தியாளர் டோக்கியோவில் கேட்டபோது, கூடைப்பந்து பற்றி மட்டும் கேளுங்கள் என்று அணியின் ஊடக அலுவலர் தடுத்தார். லீக் பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்டது. ஷாங்காயிலும் ஷென்ஜெனிலும் ஆட்டங்கள் நடந்தன, பத்திரிகையாளர் சந்திப்புகள் மட்டும் நடக்கவில்லை. நாடு திரும்பிய லெப்ரான், மோரி நிலைமையைச் சரியாக அறியாமல் பேசிவிட்டார் என்றார். மறுநாள் ஹாங்காங்கில் அவருடைய ஜெர்ஸிகள் எரிந்தன.

யாரும் யாருக்கும் தடை உத்தரவு போடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. சட்டம் போட்டு வாயடைத்தால் அதை எதிர்த்து வழக்காடலாம், சங்கம் கூடித் தீர்மானம் போடலாம். அவரவர் தாமாகவே வாயை மூடிக்கொண்டால் எதை எதிர்த்து யார் போராடுவது?

2021 அக்டோபரில் ஒருவர் பேசினார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் எனெஸ் கான்டர், துருக்கியர். திபெத்துக்கு விடுதலை என்று எழுதிய காலணியுடன் களத்துக்கு வந்தார். ஷி ஜின்பிங்கைக் கொடுங்கோலன் என்று காணொளியில் சொன்னார். டென்சென்ட் உடனே செல்டிக்ஸ் ஆட்டங்களை நிறுத்தியது. கான்டரின் முந்தைய கதையை இதனுடன் ஒப்பிடுவது பயனுள்ளது. துருக்கி அதிபர் எர்டோகானை விமர்சித்ததற்காக 2017இல் அவருடைய கடவுச்சீட்டு ரத்து செய்யப்பட்டது. அவர் தந்தை வழக்கை எதிர்கொண்டார். துருக்கித் தொலைக்காட்சி அவர் ஆடும் ஆட்டங்களைக் காட்ட மறுத்தது. அப்போது லீக் அவர் பக்கம் நின்றே பேசியது. ஒரே மனிதர், ஒரே வகையான பேச்சு, ஒரே வகையான பழிவாங்கல். மாறியது சந்தையின் அளவு மட்டுமே.

2022 பிப்ரவரியில் செல்டிக்ஸ் அவரைப் பரிமாற்றம் செய்தது. எந்த அணிக்கு என்று பாருங்கள், ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு! அவர்கள் அவரை ஆட விடாமலே ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தார்கள். அதன் பிறகு எந்த என்.பி.ஏ. அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தம்மை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்கிறார் அவர். கூடைப்பந்து அறிந்தவர்கள் வேறொன்றும் சொல்வார்கள். வளையத்தின் அடியில் நின்று ஆடும் பழைய பாணி உயரக்காரர்களுக்கு இன்றைய வேக ஆட்டத்தில் மதிப்பு குறைந்துவிட்டது, அவர் ஏற்கெனவே குறைந்த நேரமே ஆடிக்கொண்டிருந்தார் என்பது அவர்கள் வாதம். இரண்டில் எது உண்மை என்று வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாமல் இருப்பதே இந்த ஏற்பாட்டின் வசதி. அடுத்த வீரர் இரண்டு விளக்கங்களையும் கேட்டுவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விடுவார்.

*

இது ஒரு லீகின் நோய் மட்டும் அல்ல. 2019 டிசம்பரில் ஆர்சனல் கால்பந்து வீரர் மெசுட் ஓசில், சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் படும் துன்பத்தைப் பற்றி எழுதினார். அது அவருடைய சொந்தக் கருத்து, கழகம் எப்போதும் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றது ஆர்சனல். ஆறு மாதம் கழித்து, இங்கிலாந்து பிரீமியர் லீகின் எல்லா அணிகளும் கறுப்பு உயிர்கள் முக்கியம் என்ற வாசகத்தை முதுகில் தாங்கி மண்டியிட்டன. அரசியலுக்கு அப்பால் என்ற எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று ரசிகர்களுக்கு அப்போது புரிந்தது.

எதிர்வழியில் போனது மகளிர் டென்னிஸ் சங்கம். 2021 நவம்பரில் வீராங்கனை பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது பாலியல் குற்றச்சாட்டை எழுதிவிட்டுச் சில வாரங்கள் காணாமல் போனார். அடுத்த மாதமே சங்கத் தலைவர் ஸ்டீவ் சைமன், முறையான விசாரணை நடக்கும்வரை சீனாவில் போட்டிகள் இல்லை என்று அறிவித்தார். பல்லாண்டு ஒப்பந்தங்கள் பணயத்தில் இருந்தன. உலகமே பாராட்டியது. ஆனால் 2023 ஏப்ரலில் சங்கம் அந்த முடிவைக் கைவிட்டது. கேட்ட விசாரணை நடக்கவில்லை, இனி நடக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. கோவிட் காரணமாகச் சீனா மூடிக் கிடந்த காலத்தில் விலகி நின்றது எளிதாக இருந்தது. கதவு திறந்ததும் தனியாக வெளியே நிற்பது கடினமாகிவிட்டது. ஆண்கள் டென்னிஸ் அமைப்பு அந்தப் புறக்கணிப்பில் சேரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கும் இரண்டாவது குரல் எழவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு சங்கடமான நினைவு வரலாம். 2013 மார்ச்சில், இலங்கைப் போரின் இறுதிக் கட்டக் கொடுமைகளுக்கு நீதி கேட்டுத் தமிழ்நாட்டில் மாணவர்கள் கொதித்தெழுந்திருந்த நேரம். இலங்கை வீரர்கள் இடம்பெறும் ஐ.பி.எல். ஆட்டங்களைத் தமிழ்நாட்டில் அனுமதிக்க முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அன்றே ஐ.பி.எல். நிர்வாகம் கூடி, சென்னை ஆட்டங்களில் மட்டும் இலங்கை வீரர்கள் ஆடமாட்டார்கள் என்று முடிவு செய்தது. மற்ற ஊர்களில் வழக்கம்போல ஆடினார்கள். அந்தத் தடை, கண்டியில் பிறந்த தமிழரும், முன்பு சென்னை அணிக்கே ஆடியவருமான முத்தையா முரளிதரனுக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கோபம் நியாயமானது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஐ.பி.எல். செய்தது நீதியின் பக்கம் நின்றதல்ல. சேப்பாக்கம் மைதானத்துக்கு வழிவிடும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு ஏற்றபடி பதினோரு பேர் பட்டியலை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தபோது அதைக் கொள்கை என்று கொண்டாடினோம். லீகுகள் எங்கும் ஒரே இலக்கணத்தில்தான் இயங்குகின்றன. வாசலில் நிற்பவர் யார் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

*

மோரி விவகாரத்தின் நட்டம் எவ்வளவு? 2020 பிப்ரவரியில் சில்வர் சொன்ன மதிப்பீடு, நூற்றுக்கணக்கான மில்லியன், ஆனால் 40 கோடி டாலருக்குள் என்பது. அப்போது லீகின் ஆண்டு வருவாய் ஏறக்குறைய 800 கோடி டாலர். அதாவது இருபதில் ஒரு பங்கு. வலிக்கும், ஆனால் உயிர் போகாது. இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பேசினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்துக்கும், பேசியதால் உண்மையில் போனதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்திருக்கிறது. சிசிடிவி 2020 அக்டோபரில் இறுதிச் சுற்றின் ஓர் ஆட்டத்தைக் காட்டியது, மீண்டும் நிறுத்தியது, 2022இல் திரும்ப வந்தது. டென்சென்ட் அதற்கும் முன்பே பெரும்பாலான ஆட்டங்களைக் காட்டத் தொடங்கிவிட்டது. சீன ரசிகர்களுக்கும் அந்த ஆட்டம் தேவைப்பட்டது, அதைக் காட்டிச் சம்பாதிக்கும் சீன நிறுவனங்களுக்கும் தேவைப்பட்டது. பேரத்தில் ஒரு தரப்பு மட்டுமே பலவீனமானது என்று லீக் தானாக நினைத்துக்கொண்டதுபோல் தெரிகிறது.

என்ன செய்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. சில சிறிய காரியங்கள் தோன்றுகின்றன. எந்த மொழியில் அறிக்கை விட்டாலும் ஒரே பொருளில் விடலாம். செய்தியாளர் சந்திப்பு நடத்த அனுமதி இல்லாத ஊரில் ஆட்டமும் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பேச்சின் காரணமாக வரும் வருவாய் இழப்பு வீரர்களின் சம்பள வரம்பைப் பாதிக்காமல் உரிமையாளர்களே ஏற்பார்கள் என்று வீரர் சங்கம் கேட்டு வாங்கலாம். அப்படிச் செய்தால், பேசும் ஒருவன் தன் நண்பர்களின் பையில் கைவைத்தவன் ஆகமாட்டான். எல்லாவற்றையும் விட, ஓர் அணியின் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டால் மற்ற அணிகளும் தங்கள் ஆட்டங்களைத் தரமாட்டோம் என்று சேர்ந்து நிற்கலாம். ஒருவரைத் தனிமைப்படுத்துவதுதான் தண்டனை என்றால், தனியாக விடாமல் இருப்பதுதான் மருந்து.

2025 அக்டோபர் 10இலும் 12இலும், ஆறாண்டு இடைவெளிக்குப் பின், என்.பி.ஏ. அணிகள் சீன மண்ணில் மீண்டும் ஆடின. இடம் மக்காவ், சூதாட்ட விடுதியை ஒட்டிய அரங்கம். ஆடிய அணிகள் ஃபீனிக்ஸ் சன்ஸும், அன்று மடல் எழுதிய ஜோ சாயின் ப்ரூக்ளின் நெட்ஸும். லீக் மன்னிப்புக் கேட்டுத் திரும்பவில்லை, அந்த மட்டில் நல்லது. கேட்கவேண்டிய அவசியமும் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. மக்காவிலிருந்து கடலின் மேல் போட்ட நீண்ட பாலம் ஒன்று ஹாங்காங்குக்குப் போகிறது. 2020 ஜூன் 30 முதல் அங்கே தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. லெப்ரானின் ஜெர்ஸிகள் எரிந்த அந்த நகரில் அத்தகைய ஊர்வலங்கள் இன்று இல்லை. போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களில் பலர் சிறையில் இருக்கிறார்கள், பலர் நம்மைப் போலவே வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் சிலர், லண்டனிலோ டொராண்டோவிலோ, அந்த இரவு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடும். ஊரை விட்டு வந்தவன் தன் ஊரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அந்நிய நாட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து காத்திருப்பது எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.